வலிக்காத வயிறு

வயிற்றுவலின்னு போனால் டாக்டர் முதலில் கேட்பது "எங்கே வலிக்குது?" என்பதைத்தான். அப்புறம் அழுத்திப் பார்ப்பார். குடல்வால் அழற்சிக்கு விரலை எங்கே வைத்து அழுத்த வேண்டும் என்பதையே நியூயார்க்கின் சார்லஸ் மெக்பர்னி 1889இல் குறித்துக் கொடுத்தார். 1921இல் வெளிவந்த ஸக்கரி கோப்பின் புகழ்பெற்ற வயிற்று அவசரநிலைப் புத்தகமும் பெரும்பாலும் நோயாளியின் வாயையும் மருத்துவரின் விரலையும் நம்பியே நிற்கிறது.

சரி, தண்டுவடம் அறுந்து மார்புக்குக் கீழே உணர்ச்சியே இல்லாதவருக்குக் குடல்வால் வெடித்தால்? அழுத்தினாலும் வலிக்காது. வயிறு இறுகியிருந்தால் அது பழைய தசைப்பிடிப்பாகவே இருக்கலாம். கண்டுபிடிப்பதற்குள் ஆளே போய்விடலாம்.

இதற்கான துப்பு கிடைத்தது சிறுநீர்ப்பையிலிருந்து! முதல் உலகப்போரில் முதுகில் அடிபட்ட வீரர்களை லண்டனில் ஹென்றி ஹெட், ஜார்ஜ் ரிடாக் இருவரும் ஆராய்ந்தார்கள். உணர்ச்சியற்ற சிறுநீர்ப்பைக்குள் திரவத்தை ஏற்றினால் சிலருக்கு வியர்த்துக் கொட்டியது. 1917இல் 'பிரெயின்' இதழில் எழுதினார்கள்.

அதே இதழில் 1947இல் லுட்விக் குட்மனும் டேவிட் விட்டரிட்ஜும் எழுதினார்கள். குட்மன் 1939இல் நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த யூத மருத்துவர். 1944இல் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் தண்டுவடப் பிரிவைத் தொடங்கியவர். (பாராலிம்பிக்ஸ் ஆரம்பித்தவரும் இவர்தான். அது தனிக் கதை.) இவர்கள் அளந்தே பார்த்துவிட்டார்கள். மார்பின் மேற்பகுதியிலோ கழுத்திலோ தண்டுவடம் அறுந்தவர்களுக்குச் சிறுநீர்ப்பை விரிந்ததும் ரத்த அழுத்தம் எகிறியது, நாடி மெதுவானது, தலை வலித்தது, மூக்கு அடைத்தது.

மூளைக்குப் போகிற லைன் கட். ஆனால் அறுந்த இடத்துக்குக் கீழே இருக்கும் தண்டுவடம் தன்பாட்டுக்கு வேலை செய்கிறது. உள்ளுறுப்பிலிருந்து வரும் தொந்தரவைக் கேட்டு ரத்தக்குழாய்களைச் சுருக்குகிறது, அழுத்தம் ஏறுகிறது. மூளைக்குக் காரணம் தெரியாது, ஏறிய அழுத்தம் மட்டும் தெரியும். அதனால் இதயத்தின் வேகத்தைக் குறைக்கிறது. புரோகிராமர் பாஷையில், எர்ரர் மெசேஜ் வராது, சர்வர் மட்டும் சூடாகும்.

குடலில் கோளாறு என்றாலும் இதே கதைதான். அதனால் இப்படி ஒருவர் வந்தால் முதலில் யூரின் ட்யூப் அடைத்திருக்கிறதா, மலம் தேங்கியிருக்கிறதா என்று பார்க்கிறார்கள். அதைச் சரிசெய்தும் அடங்கவில்லையென்றால் வயிற்றை ஸ்கேன் எடுக்க வேண்டியதுதான். திடீரென்று கூடும் தசைப்பிடிப்பு, பசியின்மை, "என்னமோ சரியில்ல" என்ற முனகல் எல்லாமே கணக்கில் சேரும்.

இன்னொரு குறுக்குவழியும் உண்டு. உதரவிதானத்தின் நரம்பு கழுத்திலிருந்து கிளம்புகிறது. மார்பளவில் தண்டுவடம் அறுந்தாலும் அது தப்பிவிடும். அதனால் இரைப்பையில் ஓட்டை விழுந்தவர் வயிற்றைத் தொடாமல், தோள்பட்டை வலிக்குதுன்னு சொல்லலாம்.