மூட்டைக்கு இவ்வளவு: மகமையின் வரலாறு

விருதுநகர், சிவகாசிப் பக்கம் மொத்தக் கடையில் சரக்கு எடுப்பவர், பட்டியலின் அடியில் ‘மகமை’ என்றொரு வரியைக் காணலாம். தொகை சிறியது, யாரும் தகராறு செய்வதில்லை. வணிகர்கள் இலாபத்தில் ஒரு பங்கை ஊர்ப் பொதுக்காரியத்துக்குக் கொடுப்பது என்றே இதற்குப் பலரும் பொருள் சொல்கிறார்கள். அது பாதிதான் சரி. மகமை பெரும்பாலும் சரக்கின் மேல் விழுவது. இலாபம் உண்டா இல்லையா என்று கணக்குப் பார்க்கும் முன்பே அது எடுத்துவைக்கப்பட்டுவிடும்.

இந்த உத்தி பழையது. ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் இன்றைய சிவகங்கை மாவட்டத்துப் பிரான்மலைக் கோயிலுக்கு அளித்த கொடையை 13ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று பதிந்திருக்கிறது. உப்பு, அரிசி, பாக்கு, மிளகு, மஞ்சள், சுக்கு, இரும்பு, பருத்தி, சந்தனம், அகில் என்று நீளும் அந்தப் பட்டியலில், பொதிக்கு இவ்வளவு என்று ஒவ்வொன்றுக்கும் வீதம் குறித்திருக்கிறார்கள். இத்தகைய கொடையைக் கல்வெட்டுகள் ‘பட்டணப்பகுடி’ என்கின்றன. கோயிலுக்கு எழுதிய சாசனம்தான். ஆனாலும் அக்காலச் சந்தையில் என்னென்ன புழங்கின என்பதை அறிய இதைவிட நல்ல பட்டியல் கிடைப்பது அரிது.

பட்டணப்பகுடியிலிருந்து மகமைக்கு நேர்கோடு இழுத்துவிடும் ஆசை எழும். அதை அடக்கிக்கொள்வது நல்லது. கொடுத்தவர்கள் வேறு, காலம் வேறு, தேவையும் வேறு. இரண்டுக்கும் பொதுவாக இருப்பது உத்தி மட்டுமே.

19ஆம் நூற்றாண்டில் தென்பாண்டிச் சீமையிலிருந்து வடக்கே வணிகத்துக்கு வந்த நாடார்களுக்கு முதல் தேவை பாதுகாப்பு. சரக்கு வண்டிகளை அவிழ்த்துப்போட்டு இரவைக் கழிக்க மதில் சூழ்ந்த பேட்டைகளை அமைத்தார்கள். பேட்டையைப் பராமரிக்க, வந்துபோகும் சரக்கின் மேல் மகமை வைத்தார்கள். சிவகாசி, விருதுபட்டி (இன்றைய விருதுநகர்), திருமங்கலம், சாத்தங்குடி, பாலையம்பட்டி, அருப்புக்கோட்டை ஆகிய ஆறு ஊர்களில் இந்த அமைப்பு வேரூன்றிய விதத்தை ஆய்வாளர் ராபர்ட் ஹார்ட்கிரேவ் 1969இல் வெளியான தம் நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். ஊருக்கு ஊர் ‘உறவின்முறை’ என்னும் நாடார் சமூக அமைப்பு இருந்தது. மகமையை வசூலிப்பதும் செலவிடுவதும் அதன் பொறுப்பு. கொடுக்க மறுத்தவரை ஊர் ஒதுக்கிவைக்கலாம். ஆகவே இதை ஈகை என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிட முடியாது. அரசு போடாத வரி என்பதே பொருந்தும். அரசு தராத பாதுகாப்புக்கு ஈடாக எழுந்த வரி அது. 1899இல் சிவகாசியில் நாடார்களுக்கு எதிராக நடந்த கலவரத்தை நினைத்தால், பாதுகாப்பைத் தேடவைத்த அச்சம் வெறும் கற்பனையாக இருக்கவில்லை என்பது புரியும்.

பேட்டைக்கும் கோயிலுக்கும் போய்க்கொண்டிருந்த பணம் பள்ளிக்கூடத்தின் பக்கம் திரும்பியதுதான் இவ்வரலாற்றின் பெரிய திருப்பம். விருதுபட்டியில் 1885இல் சத்திரிய வித்தியாசாலை தொடங்கியது. கடைகளிலிருந்து மகமை வந்ததென்றால், வீடுகளிலிருந்து பிடியரிசி வந்தது. உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை வேறு பானையில் போட்டுவைப்பார்கள். சேர்ந்ததை வாங்கிப்போய் விற்றுப் பள்ளிக்குப் பணமாக்குவார்கள். கடையின் மூட்டைக்கு மகமை எதுவோ, அடுப்படிக்குப் பிடியரிசி அது. காமராசர் படித்த பள்ளி இது. பிடியரிசியிலிருந்து பிறந்ததுதான் அவருடைய மதிய உணவுத் திட்டம் என்று மேடையில் சொல்ல நன்றாக இருக்கும். ஆய்வாளர் அவ்வளவு எளிதில் சொல்லிவிடக் கூடாது.

செட்டிநாட்டு நகரத்தாரிடமும் மகமை உண்டு. ஆனால் அவர்கள் சரக்கு வணிகத்தைவிடக் கொடுக்கல் வாங்கலில் ஊன்றியவர்கள் என்பதால் மூட்டைக் கணக்கு அவர்களுக்குப் பொருந்தவில்லை. நகரக் கோயில் செலவுக்கு, மணமான ஒவ்வொருவரையும் ஒரு புள்ளியாகக் கொண்ட புள்ளி வரியும், சொத்துக்கேற்ற ஆஸ்தி வரியும் வைத்துக்கொண்டார்கள்.

மூட்டை மேல் போடும் மகமையை உண்மையில் தருவது யார்? விற்பவர் பட்டியலில் சேர்த்துவிட்டால் வாங்குபவர்தான். வடநாட்டில் இதற்கு ‘தர்மாதா’ என்று பெயர். ஹாத்ரஸ் நகரத்துப் பிஜிலி பருத்தி ஆலை வழக்கில், வாடிக்கையாளரிடம் விலையோடு சேர்த்து வாங்கிய தர்மாதா ஆலையின் வருமானமாகாது என்று 1978இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அறத்துக்கென வாங்கிய பணம் வணிகரின் கையில் தங்கினாலும் அவருடையது ஆகாது என்பது அதன் சாரம். ஆனால் வணிகரின் கை வழியே போவதால் பெயரும் செல்வாக்கும் அவருக்கே சேர்கின்றன. உறவின்முறையில் இடமில்லாத குடியானவரும் கூலிக்காரரும் கடையில் பொருள் வாங்கி மகமையில் தம் பங்கைச் செலுத்திவந்தார்கள். அதை எதற்குச் செலவிடுவது என்று கேட்கும் இடம் அவர்களுக்கு இருந்ததில்லை.

சரக்கை விட்டு இலாபத்தின் மேல் கடமை வைக்கும் 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவு வேறு வழியில் போகிறது. நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், விற்றுவரவு 1,000 கோடி, நிகர இலாபம் 5 கோடி ஆகிய மூன்றில் ஒன்றை எட்டிய நிறுவனம், முந்தைய மூன்றாண்டுகளின் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். தொடர்ந்து இலாபம் இல்லையென்றால் கடமையும் இல்லை. மொத்தக் கடைக்காரருக்கு அந்தச் சலுகை கிடையாது. விலை விழுந்து அவர் நட்டத்துக்குத் தள்ளிவிடும் மூட்டைக்கும் பட்டியலின் அடியில் அந்த வரி இருக்கும்.