லாங்குடொக் நாட்டுத் திராட்சையும் 1907ஆம் ஆண்டுக் கிளர்ச்சியும்

பிரான்சு தேசத்தின் தென்பாகத்திலே, ரோன் நதியின் கழிமுகத்திலிருந்து பிரனீசு மலைச்சாரல் வரை, மத்தியதரைக் கடலை அணைத்துக் கிடக்கும் நிலப்பரப்பு லாங்குடொக் எனப்படும். 'ஆம்' என்பதற்கு வடநாட்டார் ஒரு சொல் வழங்க, இந்நாட்டார் 'ஒக்' என்றனர். அந்தச் சிறு சொல்லே அவர்தம் மொழிக்கும் நாட்டுக்கும் பெயராயிற்று. கோடையில் இங்கு மழை அரிது, வெயிலோ மிகுதி. ஒலிவமும் திராட்சையும் தழைப்பதற்கு இதனினும் வாய்ப்பான மண் வேண்டுவதில்லை.

கி.மு. 600ஆம் ஆண்டளவில் மார்செயில் துறையிலே குடியேறிய கிரேக்கர் திராட்சைப் பயிரை இக்கரைக்குக் கொணர்ந்தனர். கி.மு. 118இல் உரோமர் நார்போன் நகரை அமைத்தபின் அது பெருந்தொழிலாயிற்று. கி.பி. 92இல் தொமிசியன் என்னும் பேரரசன், மாகாணங்களிலுள்ள திராட்சைக் கொடிகளிற் பாதியைப் பிடுங்கியெறியுமாறு ஆணையிட்டான். அவ்வாணை முற்றாக நிறைவேறியதாகத் தெரியவில்லை. கமக்காரனுடைய கொடியைப் பிடுங்குவது அரசனுக்கும் எளிதன்று போலும்!

இந்நாட்டார் உணவிலும் சரித்திரம் உண்டு. நீம் நகரத்தின் 'பிராந்தாது' என்னும் பண்டம், உப்பிட்டு உலர்த்திய கொட் மீனை ஒலிவ எண்ணெய் வார்த்து மசித்துச் செய்வது. ஆனால் கொட் மீன் மத்தியதரைக் கடலில் வாழ்வதில்லை. அது வட அத்திலாந்திக்கின் குளிர்நீருக்கு உரியது. மீனைப் பதனிட உப்பு வேண்டி எக்மோர்த் உப்பளங்களுக்கு வந்த வடகடல் மீனவர், உப்புக்கு மாற்றாக மீனைக் கொடுத்துச் சென்றனர். பண்டமாற்றிற் பிறந்த பண்டம் இது. கஸ்தெல்நோதாரி ஊரார் மட்பாண்டத்தில் வெள்ளைப் போஞ்சி விதையையும் இறைச்சியையும் பலமணி நேரம் வேகவைத்து ஆக்குவது 'கசூலே'. நூறாண்டுப் போரின் முற்றுகைக் காலத்தில் ஊரார் எஞ்சிய உணவையெல்லாம் ஒரே பாண்டத்திலிட்டுச் சமைத்ததே இதன் தொடக்கம் என்பது கர்ணபரம்பரைக் கதை. போஞ்சி விதையோ கொலம்பசின் பயணத்துக்குப் பின்னரே அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவை அடைந்தது. கதை இனிது, காலக்கணக்கு ஒவ்வாது.

இத்தகைய உணவுகளோடு வீட்டுக்கு வீடு அருந்தப்பட்ட திராட்சை மது, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை பெரும்பாலும் அயற் சந்தைக்குரிய பொருளாகவே இருந்தது. 1850ஆம் ஆண்டுகளில் இந்நாட்டுக்கும் பாரிசுக்கும் இடையே புகையிரதப் பாதை அமைந்ததும் நிலைமை மாறியது. வடநாட்டு ஆலைத் தொழிலாளர் நாள்தோறும் அருந்தும் மலிவான மதுவுக்குத் தென்னாடே ஊற்றாயிற்று. மலைச்சாரலில் இருந்த கொடி, கோதுமை விளைந்த சமவெளிக்கு இறங்கியது. ஒரு நாடு முழுவதும் ஒரு பயிரையே நம்பத் தொடங்கிற்று.

இந்நிலையில், 1863ஆம் ஆண்டளவில் கார்ட் பகுதியிலே கொடிகள் காரணம் தெரியாமல் வாடத் தொடங்கின. 1868 சூலையில் மொன்பெலியே நகரத்துத் தாவரவியற் பேராசிரியர் பிளாஞ்சோன் என்பாரும் அவர் துணைவர் இருவரும் நோயுற்ற தோட்டங்களைப் பார்வையிட்டனர். செத்த கொடியின் வேரிலே யாதும் இல்லை. அதன் அயலில் நின்ற கொடியைத் தோண்டிப் பார்த்தபோது வேரெங்கும் மஞ்சள் நிறச் சிறு பேன்கள் மொய்த்திருந்தன! வேர் செத்ததும் அவை அடுத்த கொடிக்குச் சென்றுவிடுமாதலால், செத்த வேரைச் சோதித்தவர்களுக்கு நோயின் காரணம் புலப்படவில்லை. 'பிலொக்சேரா' என்னும் இப்பூச்சி வட அமெரிக்காவிலிருந்து கொடிக்கன்றுகளோடு வந்தது. பாய்க்கப்பலின் நெடும்பயணத்தில் மடிந்திருக்கக்கூடிய பூச்சி, நீராவிக்கப்பலின் வேகத்தால் உயிரோடு கரை சேர்ந்தது என்பர்.

தோட்டங்களை நீரில் மூழ்கடித்தனர். மண்ணினுள் நச்சு மருந்தைச் செலுத்தினர். நோய் தீர்ப்பவருக்கு 3 இலட்சம் பிராங்கு பரிசு என்று 1874இல் அரசாங்கம் அறிவித்தது. அப்பரிசை எவரும் பெறவில்லை. 1875இல் ஏறக்குறைய 840 இலட்சம் எக்டோலிற்றராயிருந்த பிரான்சின் மது விளைவு, 1889இல் 230 இலட்சத்துக்கு வீழ்ந்தது. ஈற்றில் மருந்தும் அமெரிக்காவிலிருந்தே வந்தது. அந்நாட்டுக் கொடியின் வேர் பூச்சியைத் தாங்கவல்லது. அவ்வேரிலே பிரெஞ்சுக் கொடியை ஒட்டிவிட்டனர். இன்றும் ஐரோப்பியத் திராட்சைக் கொடிகளிற் பெரும்பாலானவை அமெரிக்க வேரின்மேலேயே நிற்கின்றன.

ஆனால் மீண்ட நாட்டுக்கு வாழ்வு மீளவில்லை. மது அருகியிருந்த காலத்தில் உலர்ந்த திராட்சையிலும், சீனியும் நீரும் கலந்த சக்கையிலும் போலி மது செய்யப் பழகிய வணிகர் அவ்வழக்கத்தைக் கைவிடவில்லை. அல்சீரிய மதுவும் வந்து குவிந்தது. 1903இல் சீனி வரி குறைக்கப்பட்டபோது வடநாட்டுப் பீற்றுக்கிழங்குச் சீனி முதலாளிகள் மகிழ்ந்தனர். தென்னாட்டுக் கமக்காரர் கலங்கினர். விலை சரிந்தது. கூலியாளுக்கு வேலையில்லை, கடைக்காரனுக்கு வரவில்லை.

1907 மார்ச் 11ஆந் திகதி, ஆர்ஜெலியே என்னும் சிற்றூரிலிருந்து, சிறு தோட்டமும் தேநீர்க் கடை போன்றதொரு கோப்பிக் கடையும் உடைய மார்செலின் அல்பேர் என்பவர், 87 பேருடன் நார்போனுக்கு நடந்து சென்று பாராளுமன்ற விசாரணைக் குழுவினரிடம் முறையிட்டார். அதன்பின் ஞாயிறுதோறும் ஒரு நகரிற் கூட்டம் நடந்தது. வாரந்தோறும் அது பெருகியது. சூன் 9ஆந் திகதி மொன்பெலியேயிற் கூடியவர் ஐந்து இலட்சத்துக்கு மேல் என்று மதிப்பிடுவர். நல்ல மது நிறைய இருக்கிறது, உண்ண ரொட்டி இல்லை என்னும் கருத்தமைந்த பதாகைகளை ஏந்தி வந்தனர். நார்போன் நகரபிதாவான வைத்தியர் பெரூல் பதவியைத் துறந்தார். நூற்றுக்கணக்கான ஊர்ச் சபைகளும் அவ்வழி நின்றன.

பிரதமர் கிளெமான்சோ பட்டாளத்தை அனுப்பினார். சூன் 19ஆந் திகதி பெரூல் கைதானார். அன்றும் மறுநாளும் நார்போனில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் அறுவர் மாண்டனர். இச்செய்தி ஆக்டே நகரில் இருந்த 17ஆவது காலாட்படையை எட்டியது. அப்படையினர் பலர் பெசியே நகரையும் அயலையும் சேர்ந்த கமக்காரரின் பிள்ளைகள். ஏறக்குறைய 500 பேர் ஆயுதங்களுடன் இரவோடிரவாகப் பெசியேக்கு நடந்தனர். சுடச் செல்லவில்லை, தம் ஊராரைச் சுடுவதில்லை என்று சொல்லச் சென்றனர். பின்னர் அவர்கள் பணிந்தனர். தூனிசியாவிலுள்ள கப்சாவுக்கு அனுப்பப்பட்டனர்.

அல்பேர் மறைந்து பாரிசுக்குச் சென்று கிளெமான்சோவைக் கண்டார். எளிய மனிதர். ஊர் திரும்பப் புகையிரதச் செலவுக்கென்று பிரதமர் நீட்டிய 100 பிராங்கு நோட்டை வாங்கிக்கொண்டார். சூழ்ச்சியறிந்த கிளெமான்சோ அதனைப் பத்திரிகையாளருக்குத் தெரிவித்தார். இலட்சக்கணக்கானோர் போற்றிய தலைவனை ஊரார் விலைபோனவன் என்று ஏசினர். 1921இல் அவர் வறுமையிலே இறந்தார்.

அவர் கேட்டதோ கிடைத்தது. 1907 சூன் 29ஆந் திகதி கலப்படத்துக்கு எதிரான சட்டம் நிறைவேறியது. செப்டெம்பரில், புதிய திராட்சைப் பழமோ அதன் சாறோ நொதித்துப் பெறப்பட்டதே மது எனப்படும் என்ற வரைவிலக்கணத்தை அரசாங்கம் ஆணையாக வெளியிட்டது. அதே மாதத்தில் திராட்சைக் கமக்காரர் பெருஞ்சங்கம் ஒன்றை அமைத்துப் பெரூலைத் தலைவராக்கினர். சந்தையிலும் களஞ்சியத்திலும் போலி மதுவைத் தேடிப் பிடிக்க அச்சங்கத்தினரே ஆட்களை நியமித்தனர்.