மணியும் மைலும் பங்கும்: அமெரிக்க லொறிச் சாரதிகளின் வேதன முறைகள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

வேதனம் எவ்வளவு என்ற வினாவைப் போலவே, அது எதனை அளவுகோலாகக் கொண்டு கணிக்கப்படுகிறது என்ற வினாவும் தொழிலாளர் வரலாற்றில் முக்கியத்துவமுடையது. ஐக்கிய அமெரிக்காவின் லொறிச் சாரதிகளிடையே மூன்று அளவுகோல்கள் நெடுங்காலமாக வழங்கி வந்துள்ளன. உழைத்த மணித்தியாலங்களைக் கணக்கிட்டுக் கொடுப்பது ஒன்று. ஓடிய மைல்களைக் கணக்கிட்டுக் கொடுப்பது மற்றொன்று. சரக்கிற்குக் கிடைத்த ஏற்றுக்கூலியில் ஒரு பங்கினைக் கொடுப்பது மூன்றாவது. இவற்றின் வரலாற்றை ஆராயுமிடத்து, மூன்றிற்கும் அடியில் ஒரே வினா கிடப்பதைக் காணலாம். லொறி ஓடாது நிற்கும் நேரத்தின் நட்டத்தை ஏற்பவர் யார் என்பதே அவ்வினா.

இதனை ஓர் எளிய கணக்கினால் விளக்கலாம். ஒரு சாரதி 10 மணித்தியாலத்தில் 500 மைல் ஓடுகிறார் எனவும், சரக்கு ஏற்றவும் இறக்கவும் மேலும் 4 மணித்தியாலம் காத்திருக்கிறார் எனவும் கொள்வோம். மைலுக்கு 60 சதம் எனின் அவர் பெறுவது 300 டொலர். காத்திருப்பு இல்லையாயின் மணித்தியாலத்திற்கு 30 டொலராக அமையும் அவ்வருவாய், காத்திருப்பினால் 21 டொலரளவிற்குக் குறைந்துவிடும். ஏற்றுக்கூலி 1200 டொலராகவும் அவர் பங்கு நூற்றுக்கு 25 ஆகவும் இருப்பின், அப்போதும் அவர் பெறுவது 300 டொலரே. ஆனால் சந்தையில் ஏற்றுக்கூலி 800 டொலராக வீழ்ந்தால், அதே தூரத்திற்கும் அதே உழைப்பிற்கும் 200 டொலரே கிடைக்கும். மணித்தியாலத்திற்கு 25 டொலர் பெறுபவருக்கோ 14 மணித்தியாலத்திற்கும் 350 டொலர் கிடைக்கும். மணிக்கணக்கில் தாமதத்தின் செலவு முதலாளியைச் சார்கின்றது. மைற்கணக்கில் அது சாரதியைச் சார்கின்றது. பங்குமுறையில் தாமதத்துடன் சந்தையின் ஏற்றத்தாழ்வும் அவர் தலையிலேயே விழுகின்றது.

துண்டுக் கூலி என்பது நேரக் கூலியின் மாற்றுருவமே எனக் கார்ல் மார்க்ஸ் 1867இல் வெளிவந்த 'மூலதனம்' நூலின் முதற் பாகத்தில் விளக்கினார். அம்முறையில் வேலையின் வேகத்தைக் கூலியே கட்டுப்படுத்துவதால் மேற்பார்வை பெருமளவு தேவையற்றதாகின்றது என்பதும் அவர் கருத்தாகும். நெடுந்தூரச் சாரதிக்கு இது நன்கு பொருந்தும். நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அப்பால் தனித்து ஓடுபவரைக் கண்காணிக்கும் வசதி முற்காலத்தில் முதலாளிக்கு இருக்கவில்லை. ஆகவே நகருக்குள் ஓடுவோருக்கு மணிக்கணக்கும், நெடுந்தூரம் ஓடுவோருக்கு மைற்கணக்கும் வழக்காயின. திறமையும் துணிவும் உடைய சாரதிகள் பலர் மைற்கணக்கையே விரும்பினர் என்பதையும் மறுத்தற்கில்லை. வீதியும் காலநிலையும் சாதகமாயிருப்பின் அம்முறையில் மிகுதியாக ஈட்டலாம்.

1935இல் நிறைவேறிய மோட்டார் போக்குவரத்துச் சட்டம், மாநிலங்களுக்கிடையிலான லொறித் தொழிலை மாநிலங்களிடை வாணிப ஆணைக்குழுவின் கீழ்க் கொணர்ந்தது. சாரதிகளின் உச்ச வேலை நேரத்தை விதிக்கும் அதிகாரமும் அக்குழுவிற்கு அளிக்கப்பட்டது. 1938இல் வந்த நியாயத் தொழில் நியமச் சட்டம் குறைந்தபட்சக் கூலியையும் மேலதிக நேரக் கொடுப்பனவையும் நாடளாவிய உரிமைகளாக்கியது. ஆயின் ஆணைக்குழுவின் நேரக் கட்டுப்பாட்டிற்கு உட்பட்ட சாரதிகளுக்கு மேலதிக நேரக் கொடுப்பனவு விலக்கப்பட்டது. வேலை நேரத்திற்கு ஏற்கனவே உச்சவரம்பு உண்டு என்பதே அதற்குரிய நியாயமாயிற்று. குறைந்தபட்சக் கூலி அவர்களுக்கும் உரியதாயினும், ஒரு வாரத்தின் மொத்த வருவாயை மொத்த மணித்தியாலங்களால் வகுத்துப் பார்ப்பதே நடைமுறையாதலின், ஊதியமின்றிக் காத்திருந்த நேரம் அச்சராசரிக்குள் மறைந்துபோனது.

சட்டம் விட்ட இவ்விடைவெளியை நிரப்பியது தொழிற்சங்கமாகும். 1934ஆம் ஆண்டின் மினியாப்பொலிஸ் வேலைநிறுத்தத்தில் முன்னணியில் நின்ற பரல் டொப்ஸ் போன்றோர், நெடுந்தூரச் சாரதிகளை ரீம்ஸ்டர்ஸ் சங்கத்தில் ஒன்றுதிரட்டினர். அதன் பயனாக 1938இல் நடுமேற்கு மாநிலங்கள் பலவற்றைத் தழுவிய கூட்டு உடன்படிக்கை ஏற்பட்டது. அவ்வழியிற் சென்ற ஜேம்ஸ் ஹொபா 1964இல் தேசிய சரக்கு உடன்படிக்கையைச் சாதித்தார். நான்கு இலட்சத்திற்கும் மேற்பட்ட தொழிலாளர் அதனுள் அடங்கினர். இவ்வகை உடன்படிக்கைகள் மைற்கணக்கை ஒழிக்கவில்லை என்பது கவனிக்கற்பாலது. ஓடும்போது மைலுக்கும், தாமதம், பழுது முதலியவற்றால் நிற்கும்போது மணிக்கும் கூலி என இரு அளவுகோல்களையும் அவை பிணைத்தன.

தமக்குச் சொந்தமான லொறியைக் கம்பனிகளுக்கு வாடகைக்கு விட்டுத் தாமே ஓட்டியோர் பெரும்பாலும் பங்குமுறையில் வாழ்ந்தனர். ஏற்றுக்கூலி எவ்வளவு என்பதைக் கம்பனி மாத்திரம் அறிந்திருக்க, அதில் ஒரு பங்கினைப் பெறுபவர் தமது கணக்கைச் சரிபார்ப்பது எங்ஙனம்? இக்குறையை நீக்குமுகமாக ஆணைக்குழு 1979இல் விதிகளை வகுத்தது. கொடுப்பனவு முறை ஒப்பந்தத்தில் தெளிவாகக் குறிக்கப்பட வேண்டும். பங்குமுறையாயின், கணக்குத் தீர்க்கப்படுமுன் அல்லது தீர்க்கப்படும் வேளையில் ஏற்றுக்கூலிப் பட்டியலின் பிரதி அவருக்கு அளிக்கப்பட வேண்டும்.

1980 யூலை 1ஆம் திகதி ஜனாதிபதி காட்டர் ஒப்பமிட்ட புதிய மோட்டார் போக்குவரத்துச் சட்டம் இத்தொழிலின் அமைப்பையே மாற்றியது. புதிய கம்பனிகள் தடையின்றி நுழைந்தன. ஏறத்தாழ 20,000 ஆக இருந்த அவற்றின் தொகை 1990இல் 40,000 ஆயிற்று. ஏற்றுக்கூலி வீழ்ந்தது, நுகர்வோர் பயனடைந்தனர், தொழிற்சங்கத்தின் பிடி தளர்ந்தது. சங்கமில்லாப் புதிய கம்பனிகளில் மைற்கணக்கு நிலைபெற்றது; அதனுடன் பிணைந்திருந்த தாமதக் கொடுப்பனவோ பெரும்பாலும் உதிர்ந்துபோயிற்று. நெடுந்தூரச் சாரதிகளின் உண்மை வருவாய் 1970களின் பிற்பகுதிக்கும் 1990களின் நடுப்பகுதிக்கும் இடையில் ஏறத்தாழ 30 வீதம் வீழ்ந்ததாக மைக்கல் பெல்சர் என்ற ஆய்வாளர் மதிப்பிட்டார். 2000இல் வெளியிட்ட நூலில், லொறிகளைச் சக்கரங்களின்மேல் ஓடும் உழைப்புறிஞ்சு கூடங்கள் என அவர் வருணித்தார். பழைய உடன்படிக்கையின் கீழியங்கிய யெல்லோ கம்பனி 2023இல் மூடப்பட்டபோது, சங்க உறுப்பினர் 22,000 பேரளவில் வேலையிழந்தனர்.

காத்திருப்பின் விலை வருவாயிழப்புடன் முடிவதில்லை. 2004 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, சாரதி வேலை தொடங்கிய 14 மணித்தியாலத்திற்குள் 11 மணித்தியாலமே ஓட்டலாம். பண்டகசாலை வாசலில் நிற்கும் நேரமும் அந்தப் 14இல் அடங்கும். இழந்த மைல்களை மீட்க அவர் விரைகிறார், களைப்புடன் ஓட்டுகிறார். மத்திய போக்குவரத்துத் திணைக்களத்தின் தலைமைக் கண்காய்வாளர் பணிமனை 2018இல் வெளியிட்ட அறிக்கை, இத்தகைய தாமதத்தால் சாரதிகள் ஆண்டுதோறும் இழக்கும் வருவாயை 110 கோடி முதல் 130 கோடி டொலர் வரை என மதிப்பிட்டது. காத்திருப்பு சராசரியாக 15 நிமிடம் கூடின் விபத்து வீதம் 6.2 வீதத்தால் உயரக்கூடும் எனவும் அது கண்டது. இதற்கு மறுபுறமாக, ஜே. பி. ஹண்ட் கம்பனி 1997இல் சாரதிகளின் வேதனத்தை ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு உயர்த்தியபின், வேலையை விட்டு விலகுவோர் தொகையும் விபத்துகளும் குறைந்தமையைப் பெல்சரும் அவர்தம் சகாக்களும் எடுத்துக்காட்டினர்.

கலிபோர்ணியா மாநிலம் 2016ஆம் ஆண்டு தொடக்கம் நடைமுறைப்படுத்திய சட்டம், துண்டுக் கூலி பெறுவோருக்கு ஓய்வு நேரத்திற்கும், முதலாளியின் ஆணைக்குட்பட்டுக் காத்திருக்கும் நேரத்திற்கும் தனியாக ஊதியம் கொடுக்க வேண்டும் என விதித்தது. 1938ஆம் ஆண்டின் விலக்கை நீக்கும் சட்டமூலங்களும் 2022 முதல் காங்கிரசில் முன்வைக்கப்பட்டுள்ளன. இம்முயற்சிகள் மைற்கணக்கையோ பங்குமுறையையோ தடைசெய்ய விழையவில்லை. 1964ஆம் ஆண்டின் உடன்படிக்கை பேரம்பேசிப் பெற்றுத்தந்ததையே இவை சட்டத்தின் வாயிலாக மீட்க முனைகின்றன. மூன்று முறைகளுள் எது சிறந்தது என்ற விவாதத்திற்கு இவ்வரலாறு தரும் விடை தெளிவானது. நிற்கும் நேரமும் உழைப்பு நேரமே எனக் கணக்கேட்டிற் பதியப்படுமாயின் எம்முறையும் நியாயமாக அமையலாம். பதியப்படாதவிடத்து, மைலுக்கு எத்தனை சதம் உயர்த்தினும் அதன் ஒரு பகுதி பண்டகசாலை வாசலிலேயே கரைந்துவிடும்.