வடக்கன்குளம்: ஒரே பீடம், இரண்டு மண்டபங்கள்

நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலி நோக்கிச் செல்பவர்கள் ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டியதும் வேறொரு நாட்டுக்குள் நுழைந்ததாக உணர்வார்கள். நாஞ்சில் நாட்டு வயல்கள் மறைந்து, பனையும் உடைமரமும் நிற்கும் செம்மண் காடு தொடங்கிவிடும். இன்று காற்றாலைகள் சுழலும் இந்த வெளியில், காவல்கிணற்றை அடுத்து இருக்கிறது வடக்கன்குளம். 18ஆம் நூற்றாண்டில் அது உண்மையிலேயே வேறு நாடுதான். கணவாய்க்கு மேற்கே திருவிதாங்கூர் அரசரின் ஆணை செல்லும், கிழக்கே செல்லாது. இந்தப் பங்கின் வரலாற்றைத் தீர்மானித்தவற்றுள் முதலாவது இந்த எல்லைக்கோடு. இரண்டாவதைச் சொல்லச் சற்றுத் துணிவு வேண்டும்.

மதுரை மறைத்தளத்தின் இயேசு சபைக் குருக்கள் 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இப்பகுதியில் பணிசெய்யத் தொடங்கினர். அடுத்த நூற்றாண்டில் இங்கு இருந்தவர் இத்தாலியரான ஜோவானி பப்திஸ்தா புத்தாரி. மக்கள் அவரைப் பரஞ்சோதிநாதர் என்றே அழைத்தனர். அவரிடம்தான் பத்மநாபபுரத்திலிருந்து ஓர் அரண்மனை அலுவலர் வந்து சேர்ந்தார். நட்டாலத்தில் 1712இல் பிறந்த நீலகண்டன் அவர். 1741 குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மரிடம் சிறைப்பட்டு, பின் அவருடைய படைக்கே பயிற்சியளித்த டச்சுத் தளபதி டி லனாய், துயரில் இருந்த நீலகண்டனுக்கு விவிலியத்தின் யோபு கதையைச் சொன்னார் என்பர். அரண்மனையில் பணிபுரியும் ஒருவர் சொந்த நாட்டில் மதம் மாறுவது ஆபத்தானது. டி லனாய் அவரைக் கணவாய்க்கு இப்பால் அனுப்பினார். 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் பரஞ்சோதிநாதர் அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்துத் தேவசகாயம் என்று பெயரிட்டார்.

பின்னர் நடந்தது தமிழ்க் கத்தோலிக்கர் அறிந்ததே. 1749இல் சிறை, எருமை மேல் ஏற்றி ஊர் ஊராக இழுத்துச் சென்ற அவமானம், 1752 ஜனவரி 14 அன்று காற்றாடிமலையில் துப்பாக்கிக் குண்டு. அந்த மலை ஆரல்வாய்மொழியிலேயே இருக்கிறது. ஞானஸ்நானம் பெற்ற ஊரும் உயிர்நீத்த இடமும் அத்தனை அருகில், ஒரே கணவாயின் இரு பக்கங்களில் அமைந்துவிட்டன. உடல் கோட்டாறு சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. அவர் மனைவி ஞானப்பூ அம்மாள் கணவரின் மறைவுக்குப் பின் வடக்கன்குளத்தில் வாழ்ந்து இங்கேயே அடக்கமானார். அவரைப் பற்றி நாம் இன்னும் அதிகம் பேசியிருக்க வேண்டும்.

1759இல் போர்ச்சுகல் இயேசு சபையினரைத் தன் ஆளுகையிலிருந்து வெளியேற்றியது. 1773இல் திருத்தந்தை 14ஆம் கிளமெண்ட் சபையையே கலைத்தார். குருக்கள் அருகிய அந்த நீண்ட காலத்தில் தமிழகத்தின் உள்நாட்டுப் பங்குகளைத் தாங்கிநின்றவர்கள் உபதேசியார்களும் கோவில் பெரியவர்களும்தான். 1830களின் இறுதியில் பிரெஞ்சு இயேசு சபையினர் மதுரைக்குத் திரும்பியபோது மக்கள் இருந்தார்கள்; ஜெபம் இருந்தது; சாதியும் அப்படியே இருந்தது.

தொடக்கத்தில் துணிவு வேண்டும் என்று சொன்ன இரண்டாவது இந்தச் சாதிதான். அது நீடித்தது தற்செயலானதல்ல. 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நோபிலி முதற்கொண்டே, சாதி என்பது உலக வழக்கம், விசுவாசத்துக்குத் தடையல்ல என்ற கொள்கை மறைத்தளத்தில் வேரூன்றியிருந்தது. அதை எதிர்த்த வாதங்கள் உரோமைவரை சென்றன. 1744இல் திருத்தந்தை 14ஆம் பெனடிக்ட் தம் ஆணையால் அந்த விவாதத்தை முடித்தபோதுகூட, ஒடுக்கப்பட்டோருக்கெனத் தனிக் குருக்களை அமர்த்தும் ஏற்பாட்டுக்கு இடம் கிடைத்தது. தேவசகாயத்தின் ஞானஸ்நானத்துக்கு முந்தைய ஆண்டு அது.

வடக்கன்குளத்தில் அந்தச் சமரசம் கட்டடமாகவே எழுந்தது. வெள்ளாளரும் நாடாரும் கோவிலுக்குள் இடம் குறித்து ஓயாமல் பூசலிட்டனர். அதற்குத் தீர்வாக 1872இல் முடிக்கப்பட்ட திருக்குடும்ப ஆலயத்தில் பீடம் ஒன்று. அதன் முன் பிரிந்து நீளும் மண்டபங்கள் இரண்டு. குரு பீடத்தில் நின்று பூசை வைப்பார். இரு பிரிவினரும் அவரைக் காணலாம், ஒருவரையொருவர் காண இயலாது. இடையில் சுவர். காற்சட்டையின் இரு கால்களைப் போல இருந்ததால் காற்சட்டைக் கோவில் என்றே அதற்குப் பெயர் நின்றுவிட்டது. கட்டியவர்கள் அமைதியைத்தான் விரும்பினார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் ஒரே அப்பத்தில் பங்கு கொள்வோரைச் சுவர் வைத்துப் பிரித்தது தவறு. திருச்சபை அதைச் செய்தது என்பதை மெல்லிய சொற்களால் மூடுவதும் தவறே.

அந்தச் சுவரை அகற்றியவர் இங்கே பங்குத்தந்தையாக இருந்த பிரெஞ்சுக் குரு அட்ரியன் கௌசானல். பாளையங்கோட்டையில் 1903இல் திரு இருதய சகோதரர் சபையை நிறுவியவர் அவரே. 1910ஐ ஒட்டி அவர் தடுப்பை எடுத்ததும் ஊர் கொந்தளித்தது. பழைய பிரிவினையே நீடிக்க வேண்டும் என்று வெள்ளாளர் தரப்பு வழக்குத் தொடுத்தது. வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றது. நீதிமன்றம் அவர்களுடைய கோரிக்கையை ஏற்கவில்லை. ஒரு சிற்றூர்க் கோவிலின் சுவர், கிறிஸ்தவத்தில் சாதியுரிமை கோர முடியுமா என்ற கேள்வியை ஆங்கிலேயர் காலத்து நீதிமன்றத்தில் எழுப்பி விடை பெற்றது. நம் சட்ட வரலாற்றில் இதற்கு உரிய இடம் இன்னும் கிடைக்கவில்லை. வரலாற்று ஆய்வாளர்கள் கவனித்திருக்கிறார்கள்: சூசன் பெய்லி தம் நூலிலும், ஆ. சிவசுப்பிரமணியன் ‘கிறித்தவமும் சாதியும்’ நூலிலும் வடக்கன்குளத்தை விரிவாக ஆராய்ந்துள்ளனர். வெளியார் எழுதிய அளவுக்குப் பங்குகள் தங்கள் மலர்களில் எழுதுவதில்லை.

1923இல் தூத்துக்குடி மறைமாவட்டம் உருவானபோது வடக்கன்குளம் அதன் பங்கானது. தமிழரான திபூர்சியுஸ் ரோச் ஆண்டகை அதன் முதல் ஆயர். சுமார் நூறு ஆண்டுகள் கழித்து, 2022 மே 15 அன்று, திருத்தந்தை பிரான்சிஸ் தேவசகாயத்தைப் புனிதர் என அறிவித்தார். இந்தியாவின் முதல் பொதுநிலைப் புனிதர் அவர். நெடுங்காலம் அவர் பெயரோடு ஒட்டியிருந்த ‘பிள்ளை’ என்ற சாதிப் பட்டம், எழுந்த கோரிக்கைகளின் பேரில், அந்த அறிவிப்பில் நீக்கப்பட்டிருந்தது.

சுவர் விழுந்ததற்கும் பட்டம் நீங்கியதற்கும் நூறாண்டுக்கு மேல் இடைவெளி. இரண்டும் ஒரே வேலையின் பகுதிகள். தேவசகாயத்தின் நினைவுக்கு வடக்கன்குளம் வரும் திருப்பயணிகளுக்கு ஞானஸ்நானத்தின் கதையைச் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். சுவரின் கதையையும் கூடவே சொல்லுங்கள். ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகளுக்கு இரண்டையும் சேர்த்துக் கற்பியுங்கள். ஊர்ப் பெரியவர்களிடமும் பங்கு அலமாரிகளிலும் இருக்கும் பழைய ஞானஸ்நானப் பதிவேடுகள், கடிதங்கள், வழக்குத் தாள்கள் ஆகியவற்றைக் கறையான் தின்னுமுன் படியெடுத்து வையுங்கள்.