இரு பாறைகள், ஒரு காட்சி: குமரிமுனையில் அடையாளமும் சுற்றுலாவும்

ஒரு நாடு தன்னை உலகுக்கு அறிமுகப்படுத்த வானளாவிய கட்டடத்தை எழுப்புவது இருபதாம் நூற்றாண்டின் இறுதிக்குள் வழக்கமாகிவிட்டது. கோலாலம்பூரின் பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரம் நல்ல சான்று. 452 மீட்டர் உயரம், இசுலாமியக் கலைமரபின் எட்டுமுனை நட்சத்திரத்தைத் தழுவிய தரைவரைவு, 41, 42ஆம் தளங்களில் கோபுரங்களை இணைக்கும் வான்பாலம். எல்லாம் ஒரே திட்டத்தில் உருவானவை. கன்னியாகுமரிக் கடற்பாறைகளின் கதை அப்படிப்பட்டதன்று. இங்கே காட்சி ஒன்று, கட்டியவர்கள் பலர், நோக்கங்கள் வெவ்வேறு. அரசியல் தனித்தனியே எழுப்பிய இரு அடையாளங்களைச் சுற்றுலாதான் ஒன்றாக்கியது; அப்படி ஒன்றாக்கியபோது இந்த மண்ணின் சொந்த வரலாறு விடுபட்டுப் போனது. இதுவே இக்கட்டுரையின் வாதம்.

விவேகானந்தர் 1892 டிசம்பரில் தவமிருந்த பாறையில் அவரது நூற்றாண்டையொட்டி நினைவிடம் எழுப்பும் முயற்சி 1962இல் தொடங்கியது. பாறைக்கு உரிமை கொண்டாடிய உள்ளூர்க் கத்தோலிக்க மீனவர்கள் அங்கே சிலுவை நாட்டினர். 1963 சனவரியில் பதித்த நினைவுக் கல்வெட்டு சில மாதங்களில் பெயர்க்கப்பட்டது. முதலமைச்சர் பக்தவத்சலம் நினைவிடத்துக்குத் தொடக்கத்தில் இசையவில்லை. நினைவிட முயற்சியை முன்னின்று நடத்திய ஏக்நாத் ரானடே 323 நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் கையெழுத்துப் பெற்ற பிறகே வழி பிறந்தது. 1970 செப்டம்பர் 2 அன்று குடியரசுத் தலைவர் வி.வி. கிரி மண்டபத்தைத் திறந்துவைத்தார். பேலூர் மடத்தின் சாயல், அஜந்தா எல்லோராவை நினைவூட்டும் வாயில் என்று அதன் கட்டட அமைப்பே முழு இந்தியாவையும் ஒரு பாறைக்குள் அடக்கப் பார்க்கிறது.

பக்கத்துப் பாறையின் கதை வேறு. 1979இல் பிரதமர் மொரார்ஜி தேசாய் அங்கே வள்ளுவர் சிலைக்கு அடிக்கல் நாட்டினார். 1990இல்தான் வேலை தொடங்கியது. அதுவும் இடையில் தடைபட்டது. முதலமைச்சர் கருணாநிதி 2000 சனவரி 1 அன்று சிலையைத் திறந்துவைத்தார். சிற்பி வை. கணபதி ஸ்தபதி. பீடம் 38 அடி. திருக்குறளில் அறத்துப்பாலின் அதிகாரங்கள் அத்தனை. சிலை 95 அடி; பொருட்பாலின் 70, இன்பத்துப்பாலின் 25. உயர்த்திய வலக்கையின் மூன்று விரல்கள் முப்பாலைச் சுட்டுகின்றன. உடல் இடுப்பில் லேசாக ஒசிந்து நிற்கிறது. இவ்வளவு கல்லில் அந்த ஒசிவைக் கொண்டுவந்ததே ஸ்தபதியின் பெருஞ்சாதனை என்று கருதுகிறேன். 2004 ஆழிப்பேரலையையும் அந்தக் கட்டுமானம் தாங்கி நின்றது.

உயரம் மட்டும் நாஞ்சில் நாட்டுக்குப் புதிதன்று. சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலின் ஏழுநிலைக் கோபுரமும் ஏறத்தாழ பீடமும் சிலையும் சேர்ந்த இதே உயரந்தான். வள்ளுவர் சிலையின் தனித்தன்மை அதன் அளவு எங்கிருந்து வந்தது என்பதில் இருக்கிறது. குஜராத்தின் ஒற்றுமைச் சிலை 182 மீட்டர். அந்த மாநிலச் சட்டமன்றத்தின் இடங்களும் 182. அங்கே எண்ணைத் தந்தது ஆட்சி அமைப்பு; இங்கே தந்தது ஒரு நூல். மொழியின் பெயரால் தன்னை அடையாளங்காணும் ஒரு சமூகம் தன் சின்னத்தின் அளவை நூலிலிருந்து எடுத்துக்கொண்டது மிகப் பொருத்தம்.

அந்தப் பொருத்தம் குமரி மாவட்டத்தில் இன்னும் அழுத்தமானது. தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் 1956 நவம்பர் 1 அன்று தமிழகத்தோடு இணைந்தன. மார்ஷல் நேசமணி தலைமையில் திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் நடத்திய நெடிய போராட்டத்தின் பயன் அது. 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போராட்டத்தின்போது நடந்த துப்பாக்கிச்சூட்டில் உயிர்கள் போயின. மற்ற மாவட்டத்தாருக்குத் தமிழ் அடையாளம் பிறப்போடு வந்தது. இங்குள்ளவர்கள் போராடிப் பெற்றார்கள்.

இந்த இரு சின்னங்களையும் பயணிகள் எப்படிப் பார்த்தார்கள் என்பதைப் பெரும்பாலும் கடலே தீர்மானித்தது. பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகத்தின் குகன், பொதிகை, விவேகானந்தா படகுகள் விவேகானந்தர் பாறைக்குப் போய்வந்த பல நாட்களில், நீர்மட்டத் தாழ்வாலும் அலைச் சீற்றத்தாலும் வள்ளுவர் பாறையில் ஒதுங்க முடியவில்லை. வெளிமாநிலப் பயணிகள் வள்ளுவரை எட்ட நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பினர். 37 கோடி ரூபாய் செலவில் 77 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் கொண்ட கண்ணாடிப் பாலத்தை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் 2024 டிசம்பர் 30 அன்று திறந்தபின் நிலைமை மாறியது. கோலாலம்பூரில் கோபுரங்களோடு பிறந்தது பாலம். இங்கே சிலை எழுந்து ஏறத்தாழ 25 ஆண்டுகள் கழித்து வந்தது. தேசியமும் தமிழும் போட்டியாக அல்ல, ஒரே நடையில் கடக்கும் இரண்டு இடங்களாகப் பயணிக்கு அனுபவமாகின்றன. எந்த மேடைப்பேச்சாலும் கைகூடாத சமரசம் இது. இதை நான் முழுமனதோடு வரவேற்கிறேன்.

ஆனால் பாறையிலிருந்து கரையைத் திரும்பிப் பார்த்தால் எடுப்பாகத் தெரிவது அலங்கார உபகார மாதா ஆலயத்தின் வெண்கோபுரம். பயணிகள் அதை அழகிய பின்னணியாகப் படம் பிடிக்கிறார்கள். பாறை மீது ஒருகாலத்தில் உரிமை பேசிய மக்களின் ஊர் அது என்பது அந்தப் படத்தில் தெரிவதில்லை. நேசமணியின் மணிமண்டபம் நாகர்கோவிலில் இருக்கிறது; புதுக்கடை வெகுதூரம் மேற்கே. கடற்கரைக்கு வந்து திரும்பும் பயணியின் வழியில் இரண்டுமே வருவதில்லை. படகுத்துறையில் சீட்டுக்காக மணிக்கணக்கில் மக்கள் வரிசையில் நிற்கிறார்கள். அந்தப் படகுத்துறைச் சுவர்களில் 1954இன் உயிரிழப்பையும், 1956இன் இணைப்பையும், மீனவர்களின் பாறை உரிமைக் கோரிக்கையையும் தமிழிலும் மலையாளத்திலும் இந்தியிலும் எழுதிவைக்கச் சுற்றுலாத் துறைக்குப் பெரிய செலவு பிடிக்காது.