காசினியும் காப்பியும்

காவிரிக் கழனிகளில் சிக்கரி விளைவதில்லை, காப்பியும் விளைவதில்லை. காப்பிக்கொட்டை குடகிலிருந்தும் நீலகிரியிலிருந்தும் சேர்வராயன் மலையிலிருந்தும் இறங்கி வருகிறது. சிக்கரி வேரோ குசராத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் பயிராகி, வறுபட்டு, தெற்கே வருகிறது. பால் ஒன்றுதான் உள்ளூர்ச் சரக்கு. ஆயினும் கூத்தாநல்லூர்க் கடைத்தெருவிலோ கும்பகோணத்துப் பெரிய கடைவீதியிலோ விடியற்காலையில் ஒரு டம்ளரில் இம்மூன்றும் கூடும்போது, அதனைத் தஞ்சைத் தரணியின் சொந்தச் சுவை என்றே நாம் கொள்கிறோம். இக்கூட்டில் காப்பிக்கும் பாலுக்கும் புகழ் உண்டு. மூன்றாவதான சிக்கரிக்கு மட்டும் 'கலப்படம்' என்னும் அவப்பெயரே எஞ்சியது. அப்பெயர் எவ்வளவு நியாயமானது என்பதைச் சற்று ஆராய்ந்து பார்க்கலாம்.

சிக்கரி நமக்கு முற்றிலும் அந்நியமன்று. சித்த மருத்துவரும் யூனானி ஹக்கீம்களும் ஈரல் நோய்க்கு எடுத்தாளும் காசினிக் கீரையும் இதுவே. 'காஸ்னி' என்னும் பாரசீகச் சொல்லே தமிழில் காசினி ஆயிற்று. (காசினி என்றால் தமிழில் உலகம் என்றும் பொருள்; அந்த ஒற்றுமை தற்செயலானது.) ஆக, நீலப்பூப் பூக்கும் இச்செடி இலையாக மருந்துக் கடைக்கு ஒரு பெயரோடும், வேராகக் காப்பிக் கடைக்கு வேறொரு பெயரோடும் வந்து சேர்ந்தது. இரண்டும் ஒன்றே என்பதைப் பலர் அறியார். இரண்டுக்கும் பொதுவானது கசப்பு.

இக்கசப்பிற்கு விவிலியத் தொடர்பும் உண்டு. விடுதலைப் பயண நூலின் 12ஆம் அதிகாரத்தில், பாஸ்கா இரவில் நெருப்பில் வாட்டிய ஆட்டிறைச்சியைப் புளிப்பற்ற அப்பத்தோடும் கசப்புக் கீரையோடும் உண்ணுமாறு ஆண்டவர் கட்டளையிடுகிறார். அது எந்தக் கீரை? எபிரேயச் சொல் 'கசப்பானவை' என்று மட்டுமே கூறும். புனித எரோணிமுஸ் தம் இலத்தீன் மொழிபெயர்ப்பில் அதைக் காட்டு லெட்டூஸ் என்றார். யூதரின் சட்டத் தொகுப்பாகிய மிஷ்னா ஐந்து செடிகளைப் பட்டியலிடுகிறது. அவற்றுள் ஒன்றைச் சிக்கரி இனத்துக் கீரை என்றே வழிவழியாகக் கொள்கின்றனர். இங்கு நாம் உற்று நோக்க வேண்டியது அதன் பக்கத்தில் வைத்த பண்டங்களை. கொழுப்புள்ள இறைச்சி, சுவை ஏதுமில்லாத அப்பம், பிற்காலத்தில் பழமும் பருப்பும் திராட்சை இரசமும் சேர்த்துப் பிசைந்த 'அரோசெத்' என்னும் இனிப்பு விழுது. அடிமைத்தனத்தின் கசப்பை நினைவுகூர வைத்த கீரையையும் தனித்து உண்ணச் சொல்லவில்லை.

இத்தாலியின் தென்கோடியிலுள்ள புலியா நாட்டு ஏழை உழவர் இதே பாடத்தை வேறு வழியில் கற்றனர். உலர்ந்த ஃபாவாப் பயற்றை வேகவைத்து மசித்து, மேலே அவித்த காட்டுச் சிக்கரிக் கீரையை இட்டு, ஒலிவ எண்ணெய் ஊற்றி உண்பது அவர்களது நெடுநாளைய வழக்கம். தஞ்சை அடுக்களையில் பாகற்காய்ப் பிட்லை சமைத்தவர்க்கு இதில் வியப்பொன்றும் இராது. துவரம்பருப்பும் தேங்காயும் பாகற்காயின் கசப்பை அழிப்பதில்லை. அதற்கு உட்காரத் திண்ணை போட்டுக் கொடுக்கின்றன. வேப்பம்பூப் பச்சடியில் வெல்லம் ஆற்றும் பணியும் அதுவே. கசப்பை விரட்டும் சமையல் ஒன்று. அதற்குத் துணை தேடும் சமையல் மற்றொன்று. நம் பாட்டிமார் பின்னதையே கைக்கொண்டனர்.

கீரையிலிருந்து வேருக்கு வருவோம். வறுத்த வேர் காப்பிக்குப் பதிலியாகப் பெருமளவில் வந்தது 18ஆம் நூற்றாண்டு ஜெர்மனியில். 1770ஆம் ஆண்டையொட்டி அங்கே சிக்கரி ஆலைகள் தோன்றின. பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரெடெரிக் அந்நியக் காப்பிக்குப் பணம் வெளியேறுவதை வெறுத்து, 1781இல் காப்பி வறுக்கும் உரிமையையே அரசுடைமையாக்கினார். தெருத்தெருவாக வறுவல் மணத்தை முகர்ந்து குற்றவாளிகளைப் பிடிக்க ஆட்களை அமர்த்தினார் என்பது வரலாற்றின் வேடிக்கைகளில் ஒன்று. 1806இல் நெப்போலியன் ஆங்கிலேய வணிகத்திற்கு ஐரோப்பியத் துறைமுகங்களை அடைத்தபோது, பிரான்சிலும் சிக்கரி வேரூன்றியது. போர் முடிந்து காப்பி திரும்பி வந்தது. ஆயினும் சிக்கரி போகவில்லை. பஞ்சகாலத்தில் படியேறிய உறவினர் நல்ல காலத்திலும் வீட்டோடு தங்கிவிட்டதைப் போல, காப்பியோடு கலந்து நின்றுவிட்டது. பிரெஞ்சு மரபு வேரூன்றிய அமெரிக்க நகரமான நியூ ஆர்லியன்சில், கொதிக்கும் பாலோடு சிக்கரிக் காப்பியைக் கலந்து அருந்தும் வழக்கம் இன்றும் உண்டு. நம் டவரா டம்ளருக்கு மிக அருகில் வரும் மேலைநாட்டுக் காப்பி அதுவே.

ஏன் பால்? சிக்கரி வேரில் இனுலின் என்னும் மாவுப்பொருள் மிகுதி. வறுக்கும்போது அது கருகிய சர்க்கரையின் நிறத்தையும் மணத்தையும் பெறுகிறது. நீரில் காப்பித்தூளைக் காட்டிலும் மிகுதியாகக் கரைகிறது. ஆகவே டிகாக்ஷன் கறுத்து, தடித்து இறங்கும். பால் எவ்வளவு ஊற்றினாலும் வெளுத்துப் போகாது. ஆனால் சிக்கரிக்குக் காப்பியின் நறுமணமும் இல்லை, ஊக்கம் தரும் கஃபீனும் இல்லை. மணத்தைக் காப்பி தர, உடலைச் சிக்கரி தருகிறது. பால் இரண்டின் முரட்டுத்தனத்தையும் தணிக்கிறது. 'டிகிரி காப்பி' என்ற பெயரே 'சிக்கரி' மருவி வந்தது என்பாரும், பாலின் தரத்தை அளந்த டிகிரியால் வந்தது என்பாரும் உளர். வழக்கு முடிவதற்குள் காப்பி ஆறிவிடும். நூற்றுக்கு இருபது பங்கு சிக்கரி என்பது என் நாவிற்கு ஒத்த அளவு. நாற்பதைத் தாண்டினால் நாக்கில் ஒரு பிசுக்கும் கருகல் வாடையும் படிகின்றன. சர்க்கரையினும் பனங்கருப்பட்டி அதற்குப் பொருத்தமான துணை. விருந்தினர்க்கு இனிப்பு, காரம், காப்பி என்று நாம் வகுத்த வரிசையிலும், நாவில் தங்கிய நெய்யையும் மிளகாயையும் துடைத்து முடித்துவைக்கும் பணி இக்கசப்பிற்கே.

சிக்கரி இல்லாமலும் இதே பயனைத் தேடியவர் உண்டு. 'சின்ன சிங்கப்பூர்' என்று பெயர் பெற்ற கூத்தாநல்லூரிலிருந்து இசுலாமியச் சகோதரர் பலர் தலைமுறைகளாக மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும் கடல் கடந்தனர். அங்கே அவர்கள் கண்ட 'கோப்பி' வேறு. மலிவான ரொபஸ்டாக் கொட்டையைச் சர்க்கரையும் மார்கரினும் இட்டு வறுப்பர். வேரில் கிடைக்கும் கருகிய இனிப்பும் கருநிறமும் கொட்டையின் மேலேயே படியும். பாலும் டின் பால். வழிகள் வெவ்வேறு; ஏழைக் கொட்டைக்கு ஒரு துணை தேடிய மனம் ஒன்றே.

இனி, 'கலப்படம்' என்னும் குற்றச்சாட்டு. 1850ஆம் ஆண்டளவில் இலண்டனில் ஆர்தர் ஹில் ஹஸ்ஸல் என்னும் மருத்துவர் கடைக் காப்பித்தூளை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். காப்பி என்று விற்றதில் சிக்கரி மலிந்திருந்தது. வேறு மலிவுப் பொருள்களும் இருந்தன. கோதுமையோடு பதரையும் விற்றவர்களை இறைவாக்கினர் ஆமோஸ் சாடியது நினைவுக்கு வரும். அங்கே பதர் குற்றவாளியன்று; அதைக் கோதுமை என்று அளந்த கையே குற்றவாளி.

கலப்பு என்பதனாலேயே ஒன்று இழிந்துவிடாது என்பதைத் திருச்சபை நன்கறியும். திருப்பலியில் திராட்சை இரசத்தோடு சிறிது தண்ணீர் கலக்கிறோம். மூன்றாம் நூற்றாண்டிலேயே கார்த்தேஜ் ஆயர் புனித சிப்ரியான், இரசமின்றித் தண்ணீரை மட்டும் ஒப்புக்கொடுத்தவர்களைக் கண்டித்து, இரண்டும் கலந்திருக்க வேண்டும் என்று ஒரு நீண்ட மடலே வரைந்தார். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 924ஆம் விதி அத்தண்ணீரையும் கேட்கிறது. இரசம் கெட்டுப்போகாத இயற்கை இரசமாக இருக்கவும் கேட்கிறது. கலப்பது இன்னது, இவ்வளவு என்பது எல்லாரும் அறிய நடக்கிறது.

ஆகவே, 'கலப்பற்ற தூய காப்பி' என்று பெருமையோடு எழுதப்படும் சொல்லின்மேல் எனக்குச் சற்று ஐயம் உண்டு. நம் நாட்டில் தூய்மை என்னும் சொல் கொட்டையோடு நின்றதில்லை. காப்பி கிளப்புகள் பெருகிய காலத்தில், யார் எங்கே அமர்ந்து குடிக்கலாம் என்பதையும் அச்சொல்லே முடிவு செய்தது. தென்னாட்டு இரயில் நிலைய உணவு விடுதிகளில் பிராமணர்க்கும் மற்றவர்க்கும் இருந்த தனியிடங்கள் 1941இல்தான் ஒழிந்தன. சிற்றூர்த் தேநீர்க் கடைகளின் இரட்டைக் குவளை அதற்குப் பின்னும் நெடுங்காலம் நீடித்தது. இதை எழுதும்போது பிறரை மட்டும் சுட்ட நமக்கு உரிமையில்லை. ஒரே கிண்ணத்தை முன்னிறுத்தும் நம் ஆலயங்களிலும் சாதிக்கொரு பக்கம் இருந்தது. கல்லறைத் தோட்டங்களில் குறுக்குச் சுவர் இருந்தது. தூளில் இருபது பங்கு வேர் கலந்ததைப் பொறாத நாக்கு, அடுத்தவர் குவளை வேறாக இருந்ததைப் பொறுத்துக்கொண்டது.

சட்டம் இவ்விஷயத்தில் தெளிவாகவே பேசுகிறது. காப்பி–சிக்கரிக் கலவையில் காப்பி நூற்றுக்கு 51 பங்குக்குக் குறையலாகாது. இரண்டின் விழுக்காட்டையும் உறையின்மேல் அச்சிட வேண்டும். ஐயமுள்ளவர் ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரின் மேல் தூளைத் தூவலாம். காப்பி மிதக்கும், சிக்கரி சில நொடிகளில் பழுப்புக் கோடிழுத்துக்கொண்டு அடியில் இறங்கும். கொட்டையைக் கண்முன்னே அரைக்கும் பழைய கடைகளில் இச்சோதனைக்கும் தேவையில்லை. 'சிக்கரி எவ்வளவு போடட்டும்?' என்று கேட்டு, சொன்ன அளவை நிறுத்துப் போட்டே பொட்டலம் கட்டுவர். ஆலைப் பொட்டலத்திலும் அதே விடை இருக்கிறது. எழுத்துத்தான் மிகப் பொடி, மூக்குக் கண்ணாடி இல்லாமல் என்னால் வாசிக்க முடிவதில்லை.