துப்பாக்கி உரிமமும் தற்காப்பும்

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 1995ஆம் ஆண்டு விதிகளில் 3ஆம் விதி, பட்டியலின மக்கள் தம்மைக் காத்துக்கொள்ளத் துப்பாக்கி உரிமம் வழங்கலாம் என்கிறது. நம் நாட்டில் அப்படிக் கிடைப்பது பெரும்பாலும் .32 ரகக் கைத்துப்பாக்கிதான். 9 மி.மீ. ரகம் குடிமக்களுக்குத் தடை. அந்தச் சிறு குண்டு உயிரைக் காக்குமா?

பெரம்பூரைப் பாருங்கள். பகுஜன் சமாஜ் கட்சியின் மாநிலத் தலைவர் ஆம்ஸ்ட்ராங் துப்பாக்கி உரிமம் பெற்றிருந்தவர். 2024 ஜூலை 5 மாலை, வீட்டருகே ஒரு கும்பல் அவரை வெட்டிக் கொன்றது. பலர் அரிவாளோடு நெருங்கிவிட்டபின் குண்டின் அளவு எதையும் தீர்மானிப்பதில்லை.

அதே விதி, நமக்கு உரிமம் தருவதைச் சொல்வதற்கு முன்பே, தேவைப்பட்டால் மற்றவர்களின் உரிமங்களை ரத்து செய்யவும் சட்டவிரோதத் துப்பாக்கிகளைக் கைப்பற்றவும் சொல்கிறது. 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டபோது துப்பாக்கி மிராசுதார்கள் பக்கமே இருந்தது. ஆகவே ராயபுரம் முதல் எண்ணூர் வரை நம் முதல் கோரிக்கை, தாக்க வருபவரின் ஆயுதத்தை அரசு முன்கூட்டியே பறிக்க வேண்டும் என்பதே. நம் இடுப்பில் துப்பாக்கி என்பது அதற்குப் பிறகுதான்.